மூப்பும் மூலிகையும்: புனே நகரத்துச் சோதனைகள்

புனே நகரில் பர்வதி என்றொரு குன்று உளது. பேஷ்வா நானா சாகேப் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் உச்சியில் கோயில் எழுப்பினார். அடிவாரத்திலிருந்து உச்சி வரை 103 படிகள். விடியற்காலையில் அங்குச் செல்வோர், இறைவனைக் காண வருவோரினும் படியேறுவதற்கென்றே வரும் முதியோர் மிகுதி என்பதைக் காண்பர். ஓய்வுபெற்ற ஆசிரியரும், அலுவலகத்தில் காலங்கழித்தவரும், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமுன் ஓடிவந்துவிடும் பாட்டிமாரும் அங்கு ஏறுகின்றனர். ஒருமுறை ஏறி இறங்கியது போதாதென்று மறுமுறை ஏறுவாரும் உண்டு. பாதிவழியில் நின்று முழங்காலைத் தடவிக்கொடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மேலே செல்வாரும் உண்டு.

இருபது வயது இளைஞன் ஏறினாலும் எழுபது வயது முதியவர் ஏறினாலும் படிகள் 103 தாம். ஆனால் இருவர் உடலுள்ளும் நிகழ்வது ஒன்றன்று. இளைஞனுடைய நாடித்துடிப்பு சிறிது நேரத்தில் பழைய நிலைக்கு மீள்கின்றது. அவன் தசையில் நேர்ந்த சிறு சேதம் விரைவில் ஆறிவிடுகின்றது. முதியவர்க்கோ எல்லாம் மெல்ல மெல்லத்தான் மீள்கின்றன. மூப்பு என்பது வேறொன்றுமன்று, தாக்குண்ட பின் மீளும் ஆற்றல் குறைந்துபோதலே என்று கூறும் அறிஞர்களும் உளர். இம்மீளும் ஆற்றலை வேர், காய், பிசின் முதலியவற்றால் காத்துக்கொள்ளல் இயலும் என்பது நம் நாட்டின் மிகப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. அந்நம்பிக்கையைத் தராசில் நிறுத்துப் பார்த்த நகரங்களுள் புனே குறிப்பிடத்தக்கது. பழைய தலைமுறையினர் பூனா என்று வழங்கிய அந்நகரத்தில் நடந்த ஆராய்ச்சிகளின் வரலாற்றையே இங்கு நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

முதற்கண், உடலுக்கு நேரும் நெருக்கடி என்பது யாது என்று தெளிதல் வேண்டும். இக்காலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் மனக்கவலையையே எண்ணுகின்றோம். அச்சொல்லை மருத்துவ உலகிற் பரப்பிய ஹான்ஸ் செலியே என்பார் தொடங்கியதோ உடலிலிருந்துதான். வியன்னாவிற் பிறந்து கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய அவர், 1936-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் மிகச் சிறியதொரு கடிதம் வெளியிட்டார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி உழைக்கச் செய்தாலும், காயப்படுத்தினாலும், நச்சுப்பொருளை ஊட்டினாலும், தாக்கிய பொருள் எதுவாயினும் உடலுக்குள் விளைந்த மாறுதல்கள் ஒரே வகையினவாக இருந்தன என்று அதில் எழுதினார். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையிற் புண்கள் தோன்றின. முதலில் உடல் பதறுகின்றது. பின்னர்ப் பழகித் தாக்குப்பிடிக்கின்றது. நெருக்கடி நீடிப்பின் ஓய்ந்து வீழ்கின்றது. இம்மூன்று நிலைகளையே அவர் விரித்துரைத்தார்.

அதே 1936-ஆம் ஆண்டில், செலியேயின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லாத இருவர் சென்னையில் வேறொரு வேலையில் ஈடுபட்டிருந்தனர். தாமோதரன், நாயர் ஆகிய அவ்விரு விஞ்ஞானிகளும் நெல்லிக்கனியிலுள்ள வைட்டமின் சி பற்றி இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் கட்டுரை எழுதினர். நெல்லிச் சாற்றில் அவ்வைட்டமின் மிகுந்துள்ளது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அக்கனியிலேயே உள்ள துவர்ப்புப் பொருள்கள் வைட்டமினைக் காற்றுப்பட்டுக் கெடாதவாறு காக்கின்றன என்பதையும் எடுத்துக்காட்டினர். நெல்லிக்காயைக் கடித்தவுடன் நாவை இழுத்துப்பிடிக்கும் அத்துவர்ப்புத்தான் அதனுடைய காவற்காரன் என்க. 1939–40-இல் ஹிசார் மாவட்டத்தைப் பஞ்சம் வாட்டியபோது, ஈறுகள் வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய்க்கு நெல்லியே மருந்தாகப் பயன்பட்டது.

நெல்லியையும் அட்ரினல் சுரப்பியையும் ஏன் சேர்த்துச் சொல்கின்றோம் என்று நேயர்கள் வினவலாம். ஹங்கேரி நாட்டு அறிஞர் செண்ட் கியோர்கி, கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1928-இல் ஓர் அமிலத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அதுவே வைட்டமின் சி என்று சில ஆண்டுகட்குப் பின்னர்த் தெளிவாயிற்று. அவர் அதைப் பிரித்தெடுத்த பொருள்களுள் தலையாயது மாட்டின் அட்ரினல் சுரப்பி. உடலில் வைட்டமின் சி மிகச் செறிவாக இருக்கும் இடங்களுள் அச்சுரப்பி ஒன்று. விலங்கை நெருக்கடிக்கு உட்படுத்தினால் அச்சேமிப்பு விரைவிற் குறைகின்றது. 1940-களில் ஆராய்ச்சியாளர்கள் நெருக்கடியின் அளவைக் கண்டறிய இக்குறைவையே அளவுகோலாகக் கொண்டனர். ஆகவே மான்ட்ரியலில் ஒருவர் பூட்டையும் சென்னையில் இருவர் சாவியையும் அறியாமலே ஆராய்ந்துகொண்டிருந்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவ்வாறு சொல்லிவிடுதல் சற்று அவசரமே. சாவி எனத் தோன்றுவதெல்லாம் பூட்டில் நுழைந்துவிடுவதில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

அதியமான் ஔவைக்கு அளித்த நெல்லிக்கனியைத் தமிழர் எவரும் மறவார். பெறற்கரிய அக்கனியைத் தானுண்ணாது புலவர்க்கு ஈந்த வள்ளன்மையைப் புறநானூறு போற்றுகின்றது. அக்கனி ஆயுளை நீட்டும் என்ற நம்பிக்கை அன்றே இருந்தது என்பது இதனால் விளங்கும். ஆயின் நீட்டியதா என்பதற்குச் சான்று இல்லை. கனியை உண்ட பின் ஔவையார் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று குறித்துவைத்தவர் எவருமிலர். மூப்பைத் தடுக்கும் மருந்துகளின் வரலாறு முழுதும் இக்குறை தொடர்கின்றது.

வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதை, நோய் தீர்க்கும் பகுதியைக் காய்ச்சலிலிருந்து தொடங்கவில்லை. ‘இரசாயனம்’ என்னும் அதிகாரத்திலிருந்து தொடங்குகின்றது. இக்காலப் பொருளில் வேதியியலைக் குறிப்பதன்று அச்சொல். மூப்பையும் நோயையும் விலக்கி உடலைப் புதுக்கும் முறையைக் குறிப்பது. அதன் முதற்பகுதி கடுக்காயையும் நெல்லியையும் பற்றியது. 500 நெல்லிக்கனிகளைக் கொண்டு செய்யும் சியவனப்பிராசம் அங்குத்தான் வருகின்றது. முதுமையால் தளர்ந்த சியவன முனிவர் அதனையுண்டு இளமை பெற்றார் என்பது கதை. அவ்வதிகாரம் இருவகை முறைகளை வகுக்கின்றது. ஒன்று, காற்றும் வெயிலும் புகாத குடிலுக்குள் அடைந்திருந்து மருந்துண்பது. மற்றொன்று, வழக்கமான வாழ்க்கையில் இருந்துகொண்டே உண்பது. வியப்பு யாதெனின், அதே அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் மெய்யுரைத்தல், சினங்கொள்ளாமை, அளவான உறக்கம், முதியோரைப் பேணல் முதலியவற்றைக் கடைப்பிடிப்பவன் என்றும் இரசாயனம் உண்டவனே என்று ஆசிரியர் கூறிவிடுகின்றார். இலேகியம் விற்போர் அப்பகுதியை விளம்பரங்களிற் சேர்ப்பதில்லை.

நம் சித்தர்கள் இதனையே காயகற்பம் என்றனர். இஞ்சி, சுக்கு, கடுக்காய் ஆகியவற்றை வேளை வகுத்து உண்ணும் வழக்கமும், அமுக்கராச் சூரணத்தைப் பாலிற் கலந்து உண்ணும் வழக்கமும் இன்றும் நம் வீடுகளில் மறையவில்லை.

குடிலுக்குள் அடையும் முறையை நம் காலத்தை அடுத்துச் செய்து பார்த்த பெரியார் ஒருவர் உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய பண்டித மதன் மோகன் மாளவியா, 1938-ஆம் ஆண்டு, எழுபத்தாறாம் அகவையில், தபசி பாபா என்னும் துறவியின் மேற்பார்வையில் இச்சிகிச்சை செய்துகொண்டார். நாடெங்கும் செய்தித்தாள்கள் அதனை ஆவலுடன் எழுதின. அவர் 1946-இல், தம் 84-ஆம் அகவையில் மறைந்தார். பெருமைக்குரிய ஒருவர் பெற்ற அனுபவம் அது. ஆனால் ஒருவர் அனுபவம் எத்துணை உண்மையாயினும் அதனைக்கொண்டு எல்லோர்க்கும் விதி வகுத்தல் இயலாது. அதே மருந்தை உண்ணாமலும் அதே ஓய்வைப் பெற்ற மற்றொரு மாளவியாவை எங்கே தேடுவது?

இவ்வினாவிற்கு விடை காணும் முறையை மேனாட்டார் வகுத்தனர். சோவியத்து நாட்டில் நிக்கோலாய் லாசரெவ் என்பார் 1947-இல், உடலின் தாங்கும் ஆற்றலைப் பொதுவாக உயர்த்தும் பொருள்களுக்கு ‘அடாப்டோஜென்’ என்று பெயரிட்டார். நாம் அதனைத் ‘தாங்குதிறன் மருந்து’ எனலாம். அவர் வழிவந்த பிரெக்மன், சைபீரியக் காடுகளில் வளரும் செடியொன்றின் வேரைப் பலகாலம் ஆராய்ந்தார். 1956-இல் அமெரிக்க அறிஞர் டென்ஹாம் ஹார்மன் வேறொரு கருத்தை வெளியிட்டார். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவே உயிரணுக்களுக்குள் எரியும்போது, துணையிழந்த எலெக்ட்ரானையுடைய துகள்களைத் தோற்றுவிக்கின்றது. அவை அருகிலுள்ள பொருள்களைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. அச்சிதைவு சேர்ந்து சேர்ந்து மூப்பாகின்றது என்பது அவர் கருத்து. உயிரணுவைச் சூழ்ந்துள்ள கொழுப்பு இவ்வாறு தாக்குண்டால் கெட்டுப்போகின்றது. மூடாமல் வைத்த நல்லெண்ணெய் நாட்பட்டுச் சிக்குவாடை அடிப்பதை அறிவோமன்றோ? ஏறத்தாழ அதே வேதிச்செயல்தான். 1982-இல் பெர்க்லியில் நடந்த சோதனையொன்று, விலங்குகளைச் சோரும் வரை ஓடச்செய்தபின் அவற்றின் தசைகளில் இத்துகள்கள் மிகுவதைக் காட்டிற்று. படியேறும் முழங்காலுக்கும் ஹார்மனின் கருத்துக்கும் இவ்வாறு தொடர்பு ஏற்பட்டது.

இனிப் புனேக்கு வருவோம். அந்நகரை அடுத்த பிம்பிரியில் 1954-இல், உலகச் சுகாதார நிறுவனம், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஆகியவற்றின் துணையுடன், இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை தோன்றியது. பெனிசிலின் மருந்தை இந்தியாவிலேயே செய்து ஏழையர்க்கும் எட்டச் செய்தல் அதன் நோக்கம். பூஞ்சையிலிருந்து மருந்தெடுக்கத் தோன்றிய அவ்விடத்திலேயே, எம். ஜே. திருமலாச்சார் என்னும் அறிஞர், பூஞ்சை நோய்களைத் தீர்க்கும் ஹாமைசின் மருந்தைக் கண்டறிந்தார். அதனைத் தந்த நுண்ணுயிர்க்குப் பிம்பிரியின் பெயரையே சூட்டினர். இத்தகைய புதுமருந்துத் தொழிற்சாலையின் ஆராய்ச்சிப் பிரிவில்தான் நம் பாட்டிமாரின் அமுக்கராக் கிழங்கு மேசையேறிற்று என்பது நமக்கு இன்பம் தருகின்றது.

அமுக்கராவை வடமொழியில் அசுவகந்தா என்பர். பச்சை வேரில் குதிரை வாடை வீசுவதால் வந்த பெயர் அது. தாவரவியலார் இட்ட பெயரின் பிற்பகுதி ‘உறக்கந்தருவது’ எனப் பொருள்படும். சரகர் இதனை வலிமை தருவன, உடலைத் தேற்றுவன என்னும் இருவகைகளிலும் சேர்த்துள்ளார். கத்தரி, தக்காளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. 1960-களில் இசுரேல் நாட்டு வேதியியலார் இதிலிருந்து விதாஃபெரின் என்னும் பொருளைப் பிரித்து அதன் அமைப்பை விளக்கினர்.

பிம்பிரி ஆய்வாளர் 1998-இல் வெளியிட்ட சோதனை இது: முயல்களையும் சுண்டெலிகளையும் பாக்டீரியாக்களின் புறச்சுவரிலிருந்து எடுத்த நச்சுப்பொருள்களால் நெருக்கடிக்கு உட்படுத்தினர். அவற்றின் குருதியில், முன்னர்க் கூறிய கொழுப்புச் சிதைவின் அளவு உயர்ந்தது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 100 மில்லிகிராம் வீதம் அமுக்கராவைச் சேர்த்தூட்டிய விலங்குகளிலோ அவ்வுயர்வு தடுக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து அங்கிருந்தே எலிகளிலும் தவளைகளிலும் செய்த மற்றோர் ஆய்வு, தாங்குதிறனையும் இதயத்திற்குக் கிடைக்கும் காப்பையும் பற்றி நல்ல முடிவுகளையே தந்தது. இடையில் 1999-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி அடிப்படை மருத்துவ நிலையத்தார், எலிகளைக் குளிர்ந்த நீரில் நீந்தவிட்டுப் பார்த்தனர். அமுக்கரா உண்ட எலிகள் நெருக்கடியை நன்கு தாங்கின. 1996-இல் புனே பல்கலைக்கழகத்துப் பூஷண் பட்வர்தனும் அவர் துணைவர்களும், உடலின் எதிர்ப்பாற்றலைக் குன்றச்செய்யும் மருந்துகளை ஊட்டிய சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அமுக்கரா பெற்றவற்றின் குருதியணுக்கள் பெறாதவற்றைவிட மேலான நிலையில் இருந்தன.

இவையெல்லாம் மெய்யே. ஆனால் கேட்டவுடன் கடைக்கு ஓட வேண்டா. சோதனைச்சாலை எலி நெறிப்படி உண்டு உறங்கும் இளம் விலங்கு. மூட்டுத் தேய்ந்து, மூன்றுவகை மாத்திரைகளைத் தின்றுகொண்டிருக்கும் முதியவரன்று. நீரில் தத்தளிக்கும் எலியின் ஒரு மணி நேரமும் வயலிற் குனிந்து நட்ட பெண்மணியின் நாற்பதாண்டும் ஒன்றாகா. மனிதரிடம் சோதித்தாலன்றி மனிதர்க்குச் சொல்வதற்கில்லை. அவ்வாறு சோதித்ததே புனேயின் சிறப்பு என்பது நம் கருத்து.

1991-இல் வெளிவந்த ஆய்வை இங்கு விரிவாகச் சொல்லவேண்டும். மூட்டுத்தேய்வால் துன்புற்ற 42 நோயாளிகளை எடுத்துக்கொண்டனர். மருந்தில் அமுக்கரா வேர், குந்துருக்கப் பிசின் தரும் சல்லகி மரம், மஞ்சள், துத்தநாகக் கூட்டுப்பொருள் ஆகியவை இருந்தன. நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும், மற்றொன்றுக்குத் தோற்றத்தில் அதனைப்போலவே இருந்த வெறும் மாத்திரையும் மூன்று திங்கள் அளித்தனர். எது மருந்து, எது வெறும் மாத்திரை என்பது உண்பவர்க்கும் தெரியாது, அளிக்கும் மருத்துவர்க்கும் தெரியாது. பின்னர்ப் பதினைந்து நாள் ஒன்றுமே கொடாமல் நிறுத்தி, இரு பிரிவையும் மாற்றி, முன்னர் மருந்துண்டவர்க்கு வெறும் மாத்திரையும் வெறும் மாத்திரை உண்டவர்க்கு மருந்துமாக மீண்டும் மூன்று திங்கள் நடத்தினர். இவ்வாறு ஒவ்வொரு நோயாளியும் தமக்குத் தாமே ஒப்பீடாயினர். மற்றொரு மாளவியாவை எங்கே தேடுவது என்று கேட்டோமல்லவா? அதே மனிதரையே மற்றொருவராக்கிக் காட்டும் உத்தி இதுதான்.

முடிவு யாது? மருந்துண்ட காலத்தில் வலியின் கடுமை வெகுவாகக் குறைந்தது. நடமாட்டத்திலுள்ள இடர்ப்பாடும் குறைந்தது. ஆனால் எக்ஸ்-ரே படங்களில் மூட்டின் நிலை குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. அவ்வாராய்ச்சியாளர் இதனை மறைக்காமல் எழுதினர். வலி தணிந்தது, ஆயின் தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருந்தது. பழைய நூல்கள் உறுதி கூறிய புத்துடல் அங்கு வரவில்லை. எனினும் படியேற முடியாதவர் ஓரளவு ஏற முடிந்தது. அவ்வளவு சிறிய பயனை அவ்வளவு துல்லியமாகச் சொன்னதைப் பெருஞ்செயல் என்றே நாம் மதிக்கின்றோம்.

புனேயின் வாத நோய் மருத்துவர் அரவிந்த் சோப்ரா இவ்வழியை மேலும் விரிவாக்கினார். அவரும் அவர் குழுவினரும் 1996 முதல், புனே மாவட்டத்துப் பிக்வண் என்னும் சிற்றூரில் வீடு வீடாகச் சென்று மூட்டுவலியைக் கணக்கெடுத்தனர். நகரத்து மருத்துவமனைக்கு வருபவரை மட்டும் எண்ணினால் நாட்டின் நோயை அறியவியலாது என்பது அவர்தம் எண்ணம். சுமை தூக்கியும் நீர் சுமந்தும் நிலத்தில் உழைத்தும் காலங்கழித்த மக்களிடையே முதுகும் முழங்காலும் எவ்வாறு நோகின்றன என்பது ஏட்டில் ஏறியது. 2004-இல் அமுக்கரா, சல்லகி, இஞ்சி, மஞ்சள் ஆகிய நான்கும் சேர்ந்த மருந்தை முழங்கால் தேய்வுடைய 90 பேரிடம் 32 வாரம் சோதித்த அவர்தம் ஆய்வு வெளியாயிற்று. வெறும் மாத்திரை உண்டவரைவிட மருந்துண்டவர்க்கு வலி மிகுதியாகக் குறைந்திருந்தது.

அடுத்து, நடுவண் அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பொருளுதவி செய்த பெருஞ்சோதனை 440 பேரிடம் நடந்தது; 2013-இல் அதன் முடிவு வெளிவந்தது. இம்முறை சுக்கு, சீந்தில், நெல்லி முதலியன சேர்ந்த மூலிகைக் கலவைகளை வெறும் மாத்திரையோடு ஒப்பிடவில்லை. மருத்துவர் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் குளுக்கோசமின், செலிகாக்சிப் ஆகிய மருந்துகளோடு நேருக்கு நேர் நிறுத்தினர். இருபத்துநான்கு வார முடிவில், வலியைக் குறைப்பதிலும் இயக்கத்தை மேம்படுத்துவதிலும் மூலிகைகள் அவற்றிற்கு இணையாக நின்றன.

ஆனால் அதே சோதனையில் மூலிகை உண்டவருள் எழுவர்க்கு ஈரல் நொதியொன்று குருதியில் உயர்ந்தது. அவர்கட்கு நோயுணர்வு ஒன்றுமில்லை. குருதியைச் சோதித்திராவிடில் யாரும் அறிந்திரார். மருந்தை நிறுத்தியதும் அளவு மீண்டது. ‘மூலிகை தானே, தீங்கு செய்யாது’ என்று நாம் அன்றாடம் கேட்கும் சொல்லுக்கு இவ்வெழுவர் குருதியே மறுமொழி. 

புனேயின் மற்றோர் அனுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கு 1950-இல் திறக்கப்பட்ட தேசிய இரசாயன ஆராய்ச்சிச்சாலையில், சுக் தேவ் என்னும் வேதியியல் அறிஞர் குக்குலுப் பிசினை ஆராய்ந்து, அதன் வேதிப்பொருள்களை 1970-களின் தொடக்கத்தில் வெளிப்படுத்தினார். குருதிக்கொழுப்பைக் குறைக்கும் மருந்தாக அது நம் நாட்டிற் பெயர் பெற்றது. 2003-இல் அமெரிக்காவில் நடந்த சோதனையொன்றிலோ, குறைய வேண்டிய தீய கொழுப்பு சற்றே உயர்ந்தது! வேதியியல் பிழையன்று, சுக் தேவின் பணி உறுதியானது. பொருளின் அமைப்பை அறிவது வேறு, அது ஒருவர் உடலிற் செய்வதை அறிவது வேறு.

சாவியெல்லாம் பூட்டில் நுழையாது என்று முன்னர்ச் சொன்னதை இப்போது விளக்குவோம். உழைப்பினால் சிதைக்கும் துகள்கள் தோன்றுகின்றன என்றால், அவற்றை வைட்டமின்களால் அடியோடு அடக்கிவிடுதல் நன்றன்றோ என்று எவர்க்கும் தோன்றும். ஜெர்மனியில் அதனைச் சோதித்து 2009-இல் முடிவு வெளியிட்டனர். இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்வித்து, ஒரு சாரார்க்கு வைட்டமின் சி, ஈ இரண்டையும் பேரளவில் கொடுத்தனர். கொடாதவர் உடலில் இன்சுலினுக்கு இணங்கும் தன்மை பயிற்சியால் மேம்பட்டது. கொடுத்தவர்க்கு அந்நன்மை கிட்டவில்லை. உழைப்பில் தோன்றும் அத்துகள்களே உடலுக்கு எச்சரிக்கையாகி அதன் சொந்தக் காவலை எழுப்புகின்றன எனவும், எச்சரிக்கையை வாயடைத்துவிட்டால் காவலும் எழுவதில்லை எனவும் அவர்கள் விளக்கினர். ஆகையால் பர்வதிப் படியேறுபவர் வைட்டமின் மாத்திரையைப் பேரளவில் விழுங்கிவிட்டு ஏறினால் ஏற்றத்தின் பயனில் ஒரு பகுதியை இழக்கவும் கூடும். நெல்லிக்காயைத் துவையலாகவோ ஊறுகாயாகவோ உண்பதைப் பற்றியதன்று இது. ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் பற்றியது. முதியோர் உடலிலும் இவ்வாறே நிகழுமா என்று கேட்பது நியாயம். அச்சோதனையில் இருந்தவர் இளைஞர்.

முதியோரையே கொண்டு அமுக்கராவைச் சோதித்த ஆய்வுகள் சிலவே. 65 முதல் 80 வயது வரையுள்ள 50 பேரிடம் 12 வாரம் நடந்த ஒன்று 2020-இல் வெளியானது. அதில் உறக்கமும் பொதுநலமும் மேம்பட்டன. 2012-இல் ஹைதராபாதில் மனநெருக்கடியுடைய 64 பேரிடம் நடந்த ஆய்வில், அட்ரினல் சுரக்கும் கார்டிசாலின் அளவு குறைந்தது. இவை நம்பிக்கை ஊட்டுவன. ஆனால் ஐம்பதும் அறுபதும் சிறிய எண்கள். பன்னிரண்டு வாரம் ஒரு பருவகாலம் மட்டுமே. இத்தகைய சோதனைகள் பலவற்றுக்கு அவ்வேரின் சாற்றைச் செய்து விற்கும் நிறுவனங்களே பொருளுதவி செய்கின்றன என்பதையும் படிப்போர் நினைவிற்கொள்ளல் நலம். பொருளுதவி பெற்றதனாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. ஆயினும் பொதுப்பணத்தில் நடந்த 440 பேர் சோதனையில் ஈரல் நொதி எழுவர்க்கு உயர்ந்தது வெளிவந்தது என்பதை நாம் மறக்கவில்லை.

கடைத்தெருவில் நிலைமை வேறு. அமுக்கரா உலகெங்கும் மாத்திரையாகவும் தேநீராகவும் விற்பனையாகின்றது. 2020-க்குப் பின்னர், இச்சாற்றை உண்ட சிலர்க்கு ஈரல் பாதிக்கப்பட்ட செய்திகள் மருத்துவ இதழ்களில் வந்துள்ளன. 2023-இல் டென்மார்க் அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் நாட்டு மருத்துவர் பலர்க்கு அத்தடை மிகையாகத் தோன்றிற்று. நமக்கும் அவ்வாறே தோன்றுகின்றது. ஆயினும் தைராய்டு மருந்து உண்பவரும், நீரிழிவு மருந்து உண்பவரும், ஈரல் நோயுள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் இதனை உண்ணலாகாது. கருவுற்ற பெண்டிர் இதனை அறவே தவிர்த்தல் வேண்டும். 

மற்றொன்று, வாங்கும் பொருளைப் பற்றியது. புனேயில் 1991-இல் மருந்தாகச் சோதித்ததும், தரமணியில் எலிகளுக்கு ஊட்டியதும், நம் பாட்டிமார் பாலிற் கலந்ததும் வேரே. விதாஃபெரின் இலையில் மிகுதியாதலாலும், இலை மலிவாதலாலும், சாறு எடுப்போர் சிலர் இலையையும் சேர்க்கத் தொடங்கினர். 2021-இல் நடுவண் அரசின் ஆயுஷ் அமைச்சகம் இலையைப் பயன்படுத்த வேண்டா என்று மருந்து செய்வோரைக் கேட்டுக்கொண்டது. பொடியாகிவிட்டபின் வேர் எது, இலை எது என்று கண்ணால் அறிதல் அரிது. நாட்டு மருந்துக் கடையில் முழுக் கிழங்காகக் கேட்டால் எடுத்துத் தருவர். சுண்டுவிரல் பருமனில், வெளியே மங்கிய பழுப்பும் முறித்தால் உள்ளே மாவுபோன்ற வெண்மையுமாக இருக்கும்.